செக் நாட்டில் நான் திறந்த உணவகம்

ஞாயிற்றுக்கிழமை டெக்ஸாஸில் எங்கள் ஃபிரிஸ்கோ கோயில் கேன்டீனில் தோசைக்கு நிற்கும்போது, என் பழைய கம்பெனியில் இப்போது வேலை பார்க்கும் பிள்ளைகள் யாராவது என்னைப் பிடித்துக்கொள்வார்கள். போன வாரம் பிடித்தவள் நிவேதா. "அங்கிள், இப்பல்லாம் மேப்பை நாங்க கையால தொடறதே இல்ல. ஏஐயே படத்தைப் பார்த்து, ரோடு போட்டு, வீட்டு நம்பர் ஒட்டிடுது. நீங்கள்லாம் அத்தனை வருஷம் உக்காந்து என்னதான் பண்ணீங்க?" என்று கேட்டாள். கேள்வியில் விஷமம் எதுவும் இல்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ள ஆசைப்பட்டாள். அதுதான் எனக்குச் சுருக்கென்றது.

"செக் ரிபப்ளிக்ல ஒரு ஹோட்டல் தொறந்தேம்மா" என்றேன். ரிடையர் ஆனவர்களிடம் சிரிக்கும் சிரிப்பு ஒன்று இருக்கிறது, அதைச் சிரித்துவிட்டு தோசை வந்ததும் போய்விட்டாள். அவளுக்குச் சொல்ல நினைத்ததை இங்கே எழுதி வைக்கிறேன்.

நான் படித்தது சிவில் டிப்ளமா. நிலம் அளக்கும் வேலையில் சேர்ந்து, ஒரு கோடைகாலம் முழுக்க வெயிலில் சங்கிலி பிடித்து, இது நமக்கு ஆகாது என்று தெளிந்து, சென்னையில் வரைபடங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றும் ஒரு கம்பெனியில் போய் ஏசியில் உட்கார்ந்தேன். அதன் பிறகு விசா, டெக்ஸாஸ், கிரீன் கார்டு வரிசை, பிள்ளைகளின் காலேஜ் என்று எல்லோருக்கும் ஆவது எனக்கும் ஆனது. டெலிவரி வண்டிகளுக்கு மேப் செய்து கொடுக்கும் ஒரு நிறுவனத்தில் ஐரோப்பாவின் நடுப்பகுதி என் பொறுப்புக்கு வந்தது. தகுதி பார்த்துக் கொடுத்தார்கள் என்று யாரும் நினைக்க வேண்டாம். அந்தப் பகுதியைப் பார்த்துக்கொண்டிருந்தவர் வேலையை விட்டார், பங்கு பிரித்த மீட்டிங் அன்று நான் லீவில் இருந்தேன்.

எங்கள் மேனேஜர் சுந்தர், கோயமுத்தூர்க்காரர். என்னைவிட வயதில் இளையவர் என்பதால் என்னை ஒருநாளும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. 'சார்' என்பார், 'ங்க' இல்லாமல் ஒரு வாக்கியத்தை முடிக்கமாட்டார். 'முடியாது' என்ற வார்த்தை அவர் வாயிலிருந்து வந்து நான் கேட்டதே இல்லை. "பார்த்துக்கலாமுங்க" என்பார். அப்படிச் சொல்லிவிட்டால் இந்த ஜென்மத்தில் அது நடக்காது என்று அர்த்தம். புதிதாகச் சேர்ந்தவர்கள் இது தெரியாமல் சந்தோஷமாகத் திரும்பி வந்து எங்களிடம் சொல்வார்கள். நாங்களும் அவர்கள் சந்தோஷத்தைக் கெடுக்கமாட்டோம்.

எந்தப் புகார் வந்தாலும் சுந்தர் எழுந்து நின்றுதான் படிப்பார். உட்கார்ந்து படித்தால் இரக்கம் வந்துவிடும் என்று பயந்தாரோ என்னவோ. ஒரு கையில் வறுத்த முந்திரி. படித்து முடித்ததும் முதல் கேள்வி, "இதனால எத்தனை பேருக்குங்க சார் பாதிப்பு?" பதில் பெரிய எண்ணாக இருந்தால் முந்திரி டப்பாவை மூடிவிட்டு உட்காருவார். சின்ன எண்ணாக இருந்தால் நமக்கும் ஒரு முந்திரி கொடுத்து அனுப்பிவிடுவார். நான் அந்தக் கம்பெனியில் சாப்பிட்ட முந்திரிக்கு அளவே கிடையாது.

அப்படி இருக்கும்போதுதான் ஒருநாள் காலை, ஒரு செக் கிராமத்தின் மேயர் தன் கிராமமே இல்லை என்று புகார் கொடுத்தார்.

அந்த ஊரின் பெயரை நான் எழுதப்போவதில்லை. எழுதினாலும் படிக்க முடியாது, அதில் உயிரெழுத்தைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். நாங்கள் 'ஊர்' என்றே சொல்லிக்கொண்டோம். நடுவில் ஒரு புல்வெளி, அதில் ஒரு குட்டிச் சர்ச், கெண்டை மீன் வளர்க்கும் ஒரு குளம், ஓடைக்கு அந்தப் பக்கம் காடு. ஊருக்குள் வரும் சாலையின் இரு பக்கமும் பிளம் மரங்கள். மரம் அறுக்கும் மில் ஒன்று மூடிக் கிடந்தது. கடை காலையில் மட்டும் திறக்கும். பீர்க்கடை என்றைக்கோ மூடிவிட்டார்களாம். செக் நாட்டில் பீர்க்கடை இல்லாத ஊர் என்றால் நம் பக்கம் டீக்கடை இல்லாத ஊர் மாதிரி, எல்லாரும் வெட்கப்பட்டுக்கொண்டே சொல்வார்கள். இதெல்லாம் நான் நேரில் பார்த்தது என்று நினைக்காதீர்கள். அந்த நாட்டில் நான் இதுவரை கால் வைத்ததில்லை.

மேயர் பெயர் யானா. அங்கே சின்ன ஊர்களில் மேயர் வேலை பகுதி நேரம்தான். பகலில் அவர் கால்நடை மருத்துவர், மாலையில் மேயர். எங்கள் மேப்பில் ஒரு வீடு தப்பாக இருக்கிறது என்று பல தடவை எழுதிப் பார்த்திருக்கிறார். ஒவ்வொரு தடவையும் 'மேப்பை மேம்படுத்த உதவியதற்கு நன்றி' என்று எங்கள் மெஷின் பதில் அனுப்பிவிட்டு உள்ளே தூங்கிவிட்டது. கடைசியில் அந்த அம்மாள், 'இந்தக் கிராமம் இப்போது இல்லை' என்ற கட்டத்தில் டிக் அடித்து அனுப்பிவிட்டார். வீடு காணவில்லை என்றால் எங்களிடம் யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். ஊர் காணவில்லை என்றால் ஒரு மனிதன் போனில் பேசியே ஆக வேண்டும் என்று விதி. அந்த மனிதன் நான்.

ஆபீஸ் பார்க்கிங்கில் காருக்குள் உட்கார்ந்தபடியே கூப்பிட்டேன். எனக்குக் காலை, அவருக்கு மதியச் சாப்பாடு முடிந்த நேரம். பின்னால் ஒரு மாடு கத்திக்கொண்டிருந்தது. அவருடைய ஆங்கிலமும் என் ஆங்கிலமும் பள்ளிக்கூடத்தில் வாங்கியவை என்பதால் ஒருவரை ஒருவர் நன்றாகவே புரிந்துகொண்டோம்.

"மேடம், உங்கள் கிராமம் இல்லை என்று புகார் வந்திருக்கிறது" என்றேன்.

"இருக்கிறது. நான் அதில்தான் நிற்கிறேன். உங்களைப் பேச வைக்க வேறு வழி தெரியவில்லை. என் ஊரில் முப்பத்தொன்றாம் எண் வீட்டை நீங்கள் அழித்துவிட்டீர்கள். அதற்குள் ஒரு ஆள் இருக்கிறார்" என்றார்.

அந்த ஆள் ஃப்ரான்டிஷெக். மரம் அறுக்கும் மில்லில் வேலை பார்த்து, நுரையீரல் முழுக்கத் தூளை வாங்கிக்கொண்டு ஓய்வு பெற்றவர். மனைவி இறந்துவிட்டார், மகள் நகரத்தில், வீட்டில் தனிக்கட்டை. மூக்கில் குழாய், பக்கத்தில் சிலிண்டர். ஆக்சிஜன் வண்டி வாராவாரம் வரும். பழைய டிரைவருக்கு வீடு தெரியும், அவர் மேப்பைப் பார்த்ததே கிடையாது. அவர் ஓய்வு பெற்ற பிறகு வந்தவர்கள் திரை காட்டும் இடத்துக்குப் போனார்கள். திரை அவர்களை ஓடையைத் தாண்டி, காட்டோரம் பூட்டிக் கிடந்த ஒரு மரவீட்டுக்குக் கொண்டுபோய் நிறுத்தியது. கதவைத் தட்டினார்கள், 'ஆள் இல்லை' என்று குறித்தார்கள், சிலிண்டரோடு திரும்பிப் போனார்கள். ஒவ்வொரு தடவையும் யானாதான் கன்றுக்குட்டி இழுக்கும் கயிறுகளோடு தன் ஜீப்பிலேயே ஆக்சிஜன் கம்பெனிக் கிடங்குக்குப் போய் சிலிண்டரை ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறார்.

"ஆக்சிஜன் கம்பெனியில் சொன்னீர்களா?"

"சொன்னேன். குறித்துக்கொண்டார்கள். ஆனால் டிரைவர் ஒவ்வொரு தடவையும் வேறு ஆள். உங்கள் மேப் சொல்லும் இடத்துக்குப் போனால்தான் அவர் வேலை செய்ததாகக் கணக்கு. இன்னும் ஒரு தடவை ஆள் இல்லை என்று வந்தால் வீட்டுக்குக் கொண்டுவருவதை நிறுத்திவிடுவார்களாம். நிறுத்தினால் அவருடைய மகள் அவரை நகரத்தில் முதியோர் இல்லத்தில் சேர்த்துவிடுவாள். அவர் போகமாட்டேன் என்கிறார். அந்த வீட்டை விட்டுப் போனால் செத்துவிடுவேன் என்கிறார். இங்கே எல்லாக் கிழவர்களும் அப்படித்தான் சொல்வார்கள், ஆனால் இவர் செய்துவிடுவார்."

அதற்கப்புறம் வேலையைத் தொடங்கினேன். அந்த ஊரில் தெருவுக்குப் பெயர் கிடையாது, வீட்டுக்கு எண் மட்டும்தான். எண்ணும் வரிசையாக இருக்காது. புது வீடு எழும்பினால் அதற்கு அடுத்த எண், அது ஊரின் எந்த மூலையில் இருந்தாலும் சரி. அதனால் ஆறாம் எண்ணுக்குப் பக்கத்தில் எழுபது இருக்கும். அது போதாதென்று, வாரக் கடைசியில் மட்டும் வந்து தங்கும் காட்டு வீடுகளுக்குத் தனியாக ஒரு எண் வரிசை வைத்திருக்கிறார்கள், அதுவும் ஒன்றிலிருந்து தொடங்குகிறது. ஆக ஊருக்குள் ஒரு முப்பத்தொன்று, காட்டோரம் ஒரு முப்பத்தொன்று. எண் பலகையின் நிறம் வேறு. உள்ளூர்க்காரர்கள் நிறத்தைப் பார்த்தே தெரிந்துகொள்வார்கள்.

எங்கள் மெஷினுக்கு நிறம் தெரியாது. ஒரே ஊரில் ஒரே எண் இரண்டு இருந்தால் ஒன்று போலி, எது மேலிருந்து எடுத்த படத்தில் தெளிவாகத் தெரிகிறதோ அதை வைத்துக்கொள், மற்றதை அழித்துவிடு என்று ஒரு விதி. காட்டு வீட்டுக்குப் பளபளவென்று தகரக் கூரை. ஃப்ரான்டிஷெக் வீட்டின் மேல் பெரிய வால்நட் மரம் கவிழ்ந்திருந்தது. தகரம் ஜெயித்தது.

அந்த விதியை எழுதியவர் சுந்தர். அதற்காகத்தான் அவரை மேனேஜர் ஆக்கினார்கள், மேசையில் கண்ணாடிக் கேடயமும் இருந்தது. நான் போய் நின்றேன். அவர் எழுந்து நின்று படித்தார்.

"எத்தனை பேருக்குங்க சார் பாதிப்பு?"

"ஒருத்தர்."

முந்திரி டப்பா என் பக்கம் நகர்ந்தது.

"சுந்தர், இது டூப்ளிகேட் இல்லப்பா. நம்ம மெட்ராஸ்ல ஓல்டு நம்பர், நியூ நம்பர் இருக்குல்ல, ரெண்டும் நிஜம்தானே? அது மாதிரி ரெண்டு வரிசை."

"மெட்ராசையும் நாம அப்படித்தானுங்க சார் சுத்தம் பண்ணோம்" என்றார் சந்தோஷமாக. "ஒரு ஊருக்காக ரூலைத் தொட்டா நாடு பூரா மறுபடி டெஸ்ட் பண்ணோணுமுங்க. அடுத்த ரிலீஸுக்குப் பார்த்துக்கலாமுங்க."

முந்திரியை வாயில் போட்டுக்கொண்டு வெளியே வந்தேன். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. முந்திரி நன்றாக இருந்தது வேறு எரிச்சல்.

முகவரியை மாற்றத்தான் சுந்தர் அனுமதி வேண்டும். டிரைவர்களுக்குப் பயன்படும் இடங்கள் என்று ஒரு தனி அடுக்கு உண்டு, அதில் புது இடம் சேர்க்க என் கையெழுத்தே போதும், மறுநாளே வண்டிகளுக்குப் போய்விடும். ஆக்சிஜன் கம்பெனியும் முகவரிக்குப் பதிலாக அந்த இடத்தின் பெயரைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். ஆனால் என்ன இடம்? ஆஸ்பத்திரி, மருந்துக்கடை, பெட்ரோல் பங்க், உணவகம் என்று நாலே வகைதான் இருந்தது. 'மூச்சு வாங்கும் பெரியவர்' என்று வகை இல்லை. ஆஸ்பத்திரி என்று போட்டால் கால் முறிந்தவன் யாராவது வந்து நிற்பான். மருந்துக்கடையும் ஆபத்து. பெட்ரோல் பங்க் என்றால் நடுவழியில் எவனாவது நின்றுபோவான். உணவகம் என்றால் அதிகபட்சம் ஒருவன் பசியோடு திரும்பிப் போவான், அவ்வளவுதான். யானாவைக் கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, "எங்கள் நாட்டில் பாதிப் பீர்க்கடைக்கு 'இன்னார் வீட்டில்' என்றுதான் பெயர். 'ஃப்ரான்டிஷெக் வீட்டில்' என்று வையுங்கள். பொய் சொன்னதாகவும் ஆகாது" என்றார்.

வைத்தேன். அடுத்த வாரம் வண்டி வால்நட் மரத்தடியில் வந்து நின்றது. உணவகத்துக்கு எதற்கு ஆக்சிஜன் என்று டிரைவர் கேட்கவில்லையாம். அவர் வேலை போய்ச் சேர்வது மட்டும்தான்.

காலையில் காபி குடித்துக்கொண்டே, "அங்க சிலிண்டர் வந்துடுச்சாம்" என்று என் மனைவி ஜெயாவிடம் சொன்னேன். "எதிர்வீட்டுல குடிவந்து ரெண்டு வருஷம் ஆச்சு, அவங்க பேர் தெரியுமா உங்களுக்கு? இங்க கராஜ் கதவு மூடினா நாம இருக்கமா போனமான்னு யாருக்கும் தெரியாது. உலகத்து அந்தக் கோடியில கிழவருக்குக் காத்து வந்துச்சாங்கறது மட்டும் தெரியணும்" என்றாள்.

நான் யோசிக்காமல் விட்டது ஒன்று உண்டு. அந்த ஊரைச் சுற்றி எந்தத் திசையில் போனாலும் வெகுதூரத்துக்கு வேறு உணவகமே இல்லை. வசந்தம் வந்ததும் சைக்கிள்காரர்கள் கிளம்பினார்கள். காளான் பொறுக்கக் கூடையோடு காட்டுக்குள் போகிறவர்கள் வேறு. வண்டிகளுக்குப் போகும் எங்கள் மேப்தான் போன்களுக்கும் போகும், பசியெடுத்துப் போனைத் தட்டினால் அது ஒரே ஒரு இடத்தைக் காட்டியது. முதலில் இரண்டு பேர் வந்து கதவைத் தட்டியிருக்கிறார்கள். ஃப்ரான்டிஷெக் குழாயோடு எழுந்துவந்து, இது என் வீடு என்றாராம். "ஆமாம், மேப்பிலும் 'ஃப்ரான்டிஷெக் வீட்டில்' என்றுதான் இருக்கிறது" என்று போனைக் காட்டினார்களாம். வந்தவர்களை என்ன செய்வது? உள்ளே இருந்த ரொட்டியையும் ஊறுகாய் போட்ட வெள்ளரிக்காயையும் எடுத்து வைத்திருக்கிறார். பீர் இல்லை என்பது அவருக்கு அவமானமாகப் போய்விட்டது. அடுத்த வாரம் யானாவை ஒரு பீப்பாய் வாங்கிவரச் சொல்லிவிட்டார்.

கோடை முழுக்க இந்தக் கூத்து நடந்தது. காசு வாங்கமாட்டாராம், லைசென்ஸ் இல்லையே. வந்தவர்கள் தாங்களே ஏதாவது வாங்கிவந்து வைத்துவிட்டுப் போவார்கள். ஆக்சிஜன் வீட்டில் யாராவது சிகரெட் பற்றவைத்தால் ஊரே போய்விடும் என்று யானா பெரிய எழுத்தில் ஒரு பலகை எழுதிக் கட்டினார். வருகிறவர்கள் ஐந்து நட்சத்திரம் போட்டு விமர்சனம் எழுதினார்கள். 'மெனு கிடையாது. மூக்கில் குழாய் வைத்த முதலாளி மில் கதை சொல்வார். நாற்காலி கொண்டுபோகவும்' என்று ஒருவர் எழுதியிருந்தார். நான் அதைக் காரில் உட்கார்ந்து படித்துப் படித்துச் சிரித்தேன்.

சிரிப்பு மீட்டிங் வரைக்கும்தான். மாதாந்திர மீட்டிங்கில் சுந்தர் திரையில் ஒரு கிராஃப் போட்டார். செக் நாட்டின் அந்த மூலையில் எங்கள் மேப்பைப் பயன்படுத்துகிறவர்களின் எண்ணிக்கை சட்டென்று ஏறியிருந்தது.

"ரூரல் ஏரியாவுல இப்படி ஒரு ஏத்தம் நம்ம எங்கயுமே பார்த்ததில்லீங்க. ராமநாதன் சார், உங்க ஏரியாதானுங்களே, என்னங்க காரணம்?"

"சாப்பாடு நல்லா இருக்கும்போல" என்றேன்.

"அப்ப அங்க அட்ரஸ் டேட்டா பக்காவா இருக்கோணுமுங்க. ஆளுங்க வர்ற இடம். அந்த ரெண்டு நம்பர் விஷயம் சொன்னீங்களே, அதை இந்த ரிலீஸ்லயே போட்டுருங்க சார்."

டப்பாவை மூடிவிட்டு உட்கார்ந்தார். ஒரு மனிதனின் மூச்சுக்கு அசையாத விதி, வெள்ளரிக்காய் தின்ன வந்தவர்களுக்காக நாடு முழுக்க மாறியது. இரண்டு வரிசைகளும் பிரிந்தன. ஊருக்குள் முப்பத்தொன்று திரும்ப வந்தது, காட்டிலும் முப்பத்தொன்று இருந்தது. நல்லது நடந்ததே என்று மகிழ்வதா, நடந்த விதத்தை நினைத்து அழுவதா என்று எனக்குத் தெரியவில்லை. மகிழ்ந்தேன்.

முகவரி சரியான பிறகு தற்காலிகமாக வைத்த இடத்தை எடுத்துவிட வேண்டும் என்பது நடைமுறை. நான் ஓய்வு பெறுவதற்குச் சில வாரங்களே இருந்தன. சுத்தமாக ஒப்படைத்துவிட்டுப் போகலாம் என்று 'ஃப்ரான்டிஷெக் வீட்டில்' என்பதை அழித்தேன். வண்டி வீட்டு எண்ணுக்கே சரியாகப் போய்ச் சேர்ந்தது. கோப்பை மூடினேன்.

பிறகு யானாவே கூப்பிட்டார். மாட்டுச் சத்தம் கேட்கவில்லை.

"ஆக்சிஜன் ஒழுங்காக வருகிறது, ராமநாதன். நன்றி. ஆனால் வேறு யாரும் வருவதில்லை. தினமும் சுத்தமாகச் சட்டை போட்டுக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறார். பீப்பாயைத் திறக்கவில்லை. நேற்று மகளைக் கூப்பிட்டு, முதியோர் இல்லத்துக்கே வந்துவிடுகிறேன், அங்கேயாவது பக்கத்தில் நாலு பேர் உட்கார்ந்திருப்பார்கள் என்று சொல்லிவிட்டார்."

போகவே மாட்டேன் என்றவரை இத்தனை பாடுபட்டு நான்தான் கிளப்பிவிட்டிருக்கிறேன், அதுவும் விதிப்படி.

திரும்ப வைக்கலாம். ஆனால் அழித்த இடத்தைத் திரும்ப வைக்க இரண்டு கையெழுத்து வேண்டும், ஒன்று சுந்தருடையது. உணவகம் உண்மையிலேயே இருக்கிறது என்பதற்குச் சான்றும் வேண்டும். யானாவிடம் சொன்னேன். "ஒரு வாரம் கொடுங்கள்" என்றார்.

அந்த ஊர்களில் தன்னார்வத் தீயணைப்புச் சங்கம் ஒன்று கட்டாயம் இருக்கும். தீ என்றைக்கோதான் பிடிக்கும் என்பதால் மற்ற நாட்களில் அவர்கள் பீர் குடித்துப் பயிற்சி எடுப்பார்கள். கூடுவதற்கு இடம் இல்லாமல் இருந்த சங்கத்துக்கு ஃப்ரான்டிஷெக் தன் வீட்டு முன்னறையைக் கொடுத்தார், ஊர் மன்றம் ஒப்புக்கொண்டது, பீர் விற்க லைசென்ஸும் வாங்கிவிட்டார்கள். ஆக்சிஜன் இருக்கும் வீட்டுக்கு இதைவிடப் பாதுகாப்பு எங்கே கிடைக்கும்? யானா போட்டோ அனுப்பினார். சீருடை போட்ட ஆறேழு பேர், பீர்க்குழாய், வாசலில் புதிதாக எழுதிய 'ஃப்ரான்டிஷெக் வீட்டில்' என்ற பலகை. நடுவில் சலவைச் சட்டையோடு அவர். அவருடைய முகத்தை நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

சுந்தர் எழுந்து நின்று பார்த்தார். நான் எத்தனை பேர் என்று சொல்லத் தயாராக இருந்தேன், அவர் கேட்கவில்லை. போட்டோவைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "ஏனுங்க சார், இவரு மூக்குல என்னங்க அது?" என்றார். முழுக்கதையையும் சொன்னேன். உட்கார்ந்தார். கையெழுத்துப் போட்டார்.

கடைசியாகப் பூர்த்தி செய்ய வேண்டியிருந்தது 'திறந்திருக்கும் நேரம்'. அது இல்லாமல் மெஷின் ஏற்காது. யானாவைக் கூப்பிட்டேன். பின்னால் ஒரே சிரிப்பும் கூச்சலுமாக இருந்தது. அவர் போனைக் கையால் மூடிக்கொண்டு செக் மொழியில் ஏதோ கேட்டார். கரகரவென்று ஒரு குரல், வாக்கியத்துக்கு நடுவே மூச்சு வாங்கிக்கொண்டு, பதில் சொன்னது.

"எந்த நேரமும் வரட்டும் என்கிறார்" என்றார் யானா. "அவர் எங்கேயும் போகப்போவதில்லையாம்."